ரைஃபிள் உதையை உங்கள் தோள் தாங்குமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து அமெரிக்கா போய், அங்கே லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் பழகும் நம் பிள்ளைகளுக்காக இது. (ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், வளவு வீட்டுச் சுவரில் தொங்கும் கொம்பைப் பார்த்து இங்கே ஆசைப்பட வேண்டாம்.)

ஆள் வாட்டசாட்டமாக இருந்தால் எந்த ரைஃபிளின் உதையையும், அதாவது சுட்டதும் அது பின்னால் வந்து தோளில் இடிப்பதை, தாங்குவார் என்பது தப்புக் கணக்கு. தோள் வலி இரண்டு நாளில் போய்விடும், ஆனால் உதைக்குப் பயந்து சுடுவதற்கு முன்பே கண் மூடி உடம்பு இறுகுகிறதே, அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

அந்தப் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடத்தில்) கூட வருபவரிடம் சொல்லி, உங்களுக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாவையும் வெடிக்காத டம்மியையும் மாற்றி மாற்றிப் போட்டுத் தரச் சொல்லுங்கள். டம்மி வரும்போது 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் கேட்கும், குழல் முனை அசையாமல் நின்றால் சரி, வெடுக்கென்று கீழே குத்தினால் அந்த ரைஃபிள் இப்போதைக்கு உங்களுக்கு அதிகம்.

அப்புறம் என்ன செய்வது? கேலிபரை, அதாவது தோட்டாவின் அளவை, குறையுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏறக்குறைய ஒரே எடையுள்ள ரைஃபிளில் 30-06 என்ற பெரிய தோட்டா உதைப்பது சுமார் 20 அடி-பவுண்டு (உதையின் ஆற்றலை அளக்கும் அலகு), 243 வின்செஸ்டர் என்ற சிறிய தோட்டா அதில் பாதிதான், மானுக்கு அதுவே போதும். தூக்கி நடக்கச் சுகமான லேசான ரைஃபிள்தான் அதிகம் உதைக்கும் என்பதையும் வாங்கும்போது மறக்காதீர்கள். காதடைப்பான் இல்லாமல் ஒரு தோட்டா கூடச் சுட வேண்டாம், பாதிப் பயம் சத்தத்தால் வருவது.