கோட்டோனியாஸ்டர்: இடம் பார்த்து ரகம், அப்புறம்தான் நடவு

சிவப்புப் பழத்துக்காகத் தோட்டத்தில் வளர்க்கும் புதர்ச்செடியான கோட்டோனியாஸ்டர் வைக்கலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, எந்த இடத்தில் என்பதைத்தான். நாற்றுத் தொட்டியில் இருக்கும்போது பல ரகங்கள் முழங்கால் உயரத்தில் ஒன்றுபோலவே தெரியும். சில வருஷத்தில் ஒன்று தரையோடு கிடக்கும், இன்னொன்று ஜன்னலை மறைக்கும். இந்தச் செடியை வளர்ப்பது கஷ்டமே இல்லை. ரகத்தை மாற்றி வைத்துவிட்டு வருஷா வருஷம் கத்தரியோடு மல்லுக்கட்டுவதுதான் கஷ்டம்.

சரிவான நிலத்துக்கோ, புல் வெட்ட முடியாத மேட்டுக்கோ டாம்மெரி என்ற ரகம் போதும். 20-30 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பாது, இலையும் உதிராது. படரும் தண்டு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விட்டுக்கொண்டே போகும். சுமார் ஒரு மீட்டருக்கு ஒன்றாக வைத்தால் இரண்டு மூன்று வருஷத்தில் தரை மூடிவிடும். அதுவரை களையை விடாமல் பிடுங்க வேண்டும். புல் உள்ளே புகுந்து பின்னிக்கொண்டால் அந்தத் தண்டுகளுக்கு நடுவே கையை விட்டு எடுப்பது பெரும்பாடு. நட்ட அன்றே மரப்பட்டைத் துண்டுகளை மூடாக்காகப் போட்டுவிடுங்கள்.

சுவர் ஓரத்துக்கு ஹாரிசான்டாலிஸ். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு கிளையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: நடுத்தண்டின் இரு பக்கமும் சிறு கிளைகள் ஒரே தளத்தில், மீன் முள் மாதிரி வரிசையாக நிற்கும். திறந்த இடத்தில் ஒரு மீட்டர் உயரத்தோடு நின்று பக்கவாட்டில் விரியும். சுவரை ஒட்டி வைத்தால் எதிலும் கட்டாமலே சாய்ந்து ஏறி இரண்டு மீட்டரைத் தாண்டும். இலையுதிர் காலத்தில் இலை சிவந்து கொட்டியபின், அந்த வெறும் முள்வரிசையில் சிவப்புப் பழங்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

உயிர்வேலிக்கு லாக்டியஸ் அல்லது ஃபிராங்கெட்டி, அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில். கார்னுபியா என்ற ரகம் ஆறு மீட்டருக்கு மேல் போகும் சிறு மரம். சின்னத் தோட்டத்துக்கு அது வேண்டாம்.

எந்த ரகமானாலும் குளிர்காலம் உண்டாகிற ஊருக்கான செடி இது. மண்ணைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாது. களிமண், சுண்ணாம்பு மண், சத்தில்லாத மண் எல்லாவற்றிலும் வரும். வேரில் தண்ணீர் தேங்குவதை மட்டும் தாங்காது. அரை நிழலிலும் வளரும், ஆனால் பழம் நிறைய வேண்டுமானால் வெயில் வேண்டும். வேரோடு வரும் மண்கட்டியைப் போல் இரண்டு மடங்கு அகலத்துக்குக் குழி எடுங்கள், ஆழம் அந்தக் கட்டியின் அளவு போதும். தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நட்டு, மிதித்து இறுக்கி, குழி நிறையத் தண்ணீர் விடுங்கள். முதல் கோடையில் மண் காயும்போதெல்லாம் நன்றாக நனையும்படி ஊற்றுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பதில் பயனில்லை. வேர் பிடித்தபின் வறட்சியைத் தானே சமாளிக்கும். உரத்தை அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து கூடினால் கொழுகொழுவென்று இளந்தளிர் வரும், நோய் முதலில் இறங்குவது அதில்தான்.

கவாத்து விஷயத்தில் நான் கறார். இலை உதிரும் ரகங்களைக் குளிர் முடியும் தறுவாயில், துளிர்க்கும் முன் தொடலாம். பசுமை மாறாதவற்றை வசந்தத்தின் நடுவில். காய்ந்த கிளை, உரசும் கிளை, பாதையில் நீட்டும் கிளை, இவற்றை மட்டும் அடிவரை போய், பிரியும் இடத்தில் வெட்டுங்கள். நுனியை மட்டும் கத்தரித்து உருண்டையாக்கினால் அந்த வளைவும் விரிவும் போய்விடும். பூவும் பழமும் பழைய கிளைகளில் வருவதால், எல்லாவற்றையும் மழித்துவிட்டால் அந்த வருஷம் பழத்துக்கு ஏங்க வேண்டியதுதான்.

பூ சின்னது, வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு. ஹாரிசான்டாலிஸில் இதழ் சரியாக விரியக்கூட விரியாது. ஆனாலும் பூத்த நாட்களில் செடி முழுக்கத் தேனீ இரையும். அந்தச் சமயத்தில் பூச்சிமருந்து எதையும் தெளிக்கக் கூடாது.

பயப்பட வேண்டிய நோய் ஒன்று உண்டு, தீக்கருகல். எர்வினியா அமைலோவோரா என்ற பாக்டீரியாவால் வருவது. ஆப்பிள், பேரி மரங்களைத் தாக்குவதும் இதுவே, எல்லாம் ரோஜாக் குடும்பம்தான். பூவும் தளிரும் திடீரெனக் கருகி, நுனி கொக்கியாக வளைந்து, இலை உதிராமலே தொங்கும். பட்டையைச் சீவினால் உள்ளே செம்பழுப்புக் கறை தெரியும். கறை முடியும் இடத்திலிருந்து சிறு கிளையில் 30, பெரிய கிளையில் 60 சென்டிமீட்டர் கீழே வந்து வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தரியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். வெட்டியதை உரக்குழியில் போடாதீர்கள். பக்கத்தில் ஆப்பிள் தோட்டம் இருந்தால் இந்தச் செடியே வேண்டாம் என்பேன். அசுவினி, செதில் பூச்சி வந்தால் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சியும் துடைத்தும் பெரும்பாலும் அடக்கிவிடலாம்.

பழம் மனிதருக்கு உணவல்ல. தின்றால் வயிற்றைக் கலக்கும், குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள். பறவைகளுக்கோ அது குளிர்கால விருந்து. அவை விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோகும் என்பதால் பல நாடுகளில் இது காட்டுக்குள் புகுந்த களையாகிவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஹாரிசான்டாலிஸ் உட்பட ஐந்து இனங்களை 2010 முதல் காட்டில் நடுவது சட்டப்படி குற்றம், தோட்டத்தில் வைக்கலாம். உங்கள் பகுதியில் தடைப் பட்டியல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சுற்றுவட்டாரத்தில் தானாக முளைக்கும் கன்றுகளைச் சின்னதிலேயே பிடுங்குங்கள்.

புதுச் செடி வேண்டுமென்றால் விதையை நம்ப வேண்டாம். ஓடு கெட்டி, குளிரும் பட வேண்டும், முளைக்க ஒன்றரை வருஷம்கூட ஆகலாம். படரும் ரகத்துக்குப் பதியம் சுலபம்: தாழ்ந்த கிளையின் அடிப்பட்டையை லேசாகக் கீறி மண்ணில் அழுத்தி, மேலே கல் வைத்துவிடுங்கள். அடுத்த வருஷம் வேர் பிடித்ததும் தாய்ச்செடியிலிருந்து வெட்டி எடுக்கலாம். மற்றவற்றுக்குக் கோடை பாதிக்குமேல், அடி பாதி முற்றிய கிளையில் பத்து சென்டிமீட்டர் துண்டை வெட்டி, கீழ் இலைகளை உருவி, மணல் கலந்த மண்ணில் ஊன்றி நிழலில் வையுங்கள்.