மூட்டை கட்டும் முன் நூலகரிடம் ஒரு வார்த்தை

நூலகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் வந்ததும் பெரும்பாலோர் முதலில் செய்வது வீட்டுப் பரணைக் காலி செய்வதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மாமனார் காலமான பிறகு அவருடைய அலமாரியில் இருந்த புத்தகங்களை மூன்று சாக்குகளில் கட்டி, மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் கிளை நூலகத்து வாசலில் இறக்கிவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்துப் போனபோது மூட்டைகள் பிரிக்கப்படாமல் மாடிப்படிக்கு அடியில் கிடந்தன. அடியில் இருந்த புத்தகங்களில் பூசணம் பூத்திருந்தது. அங்கே நூலகர் ஒருவர்தான். புத்தகம் வழங்குவது, திரும்பப் பெறுவது, நாளிதழ்களைக் கோத்து வைப்பது, கதவு பூட்டுவது எல்லாம் அவர் வேலை. "முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருவருமாக உட்கார்ந்து பிரித்திருக்கலாமே அம்மா" என்றார். அன்று பிரிக்க உட்கார்ந்தவள்தான்; 12 ஆண்டுகளாக அந்த நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன்.

ஆகவே முதல் வேலை, கேட்பது. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். "என்ன தேவை?" என்று பொதுவாகக் கேட்டால் "எல்லாமே தேவைதான்" என்ற பதில்தான் வரும். நான் கேட்பது வேறு: "எந்தப் புத்தகத்தைக் கேட்டுவிட்டு வாசகர்கள் வெறுங்கையோடு திரும்பிப் போகிறார்கள்?" இதற்கு எந்த நூலகரும் யோசிக்காமல் பதில் சொல்வார். எங்கள் நூலகத்தில் வந்த பதில், பெரிய எழுத்தில் அச்சான நாவல்களும் சிறு குழந்தைகளுக்கான படக்கதைகளும். என் மூன்று மூட்டைகளில் இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லை.

நன்கொடைப் புத்தகம் இலவசமாக வருகிறது என்று நினைக்கிறோம். ஆனால் ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்றி, எண் கொடுத்து, பொருள்வாரியாக வகைப்படுத்தி, முதுகில் சீட்டு ஒட்டி, அலமாரியில் இடம் ஒதுக்க வேண்டும். எனவே கொடுப்பதற்கு முன் நீங்களே கறாராகப் பிரித்துவிடுங்கள். பக்கங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று புரட்டுங்கள். மூக்கருகே வைத்துப் பாருங்கள். புழுக்க வாடை அடித்தால் அது பூசணம், மற்றப் புத்தகங்களுக்கும் பரவும். முதுகுப் பகுதியை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள்; இராமபாணப் பூச்சிக்குப் பிடித்த பசை அங்கேதான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் மூடிய பெட்டியில் இரண்டு மூன்று வாரம் தனியே வைத்திருந்து மறுபடி பாருங்கள். பழைய மருத்துவ நூல்களையும், திருத்தப்பட்டுவிட்ட சட்ட விளக்க நூல்களையும் கொடுக்கவே கூடாது. பயன்படாமல் போவதோடு முடிந்தால் பரவாயில்லை, யாராவது நம்பி எடுத்துப் படித்துவிடுவார்கள்.

நூலகர் சிலவற்றை வேண்டாம் என்று திருப்பித் தரலாம். அதற்காக வருத்தப்படாதீர்கள். இருக்கிற புத்தகங்களிலிருந்தே சிலவற்றை அவர் கழிக்கும்போது கோபப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். சீர்காழியில் பிறந்து உலக நூலகத் துறைக்கே வழிகாட்டிய எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. ஐந்தாவது, நூலகம் வளரும் உயிர் என்பது. வளர்கிற மரம் இலை உதிர்க்கத்தான் செய்யும். யாரும் தொடாத நூல் அகன்றால்தான் படக்கதைக்கு இடம் கிடைக்கும்.

பணமாகக் கொடுக்க நினைப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். ஒருமுறை விழா எடுத்துப் பெரிய தொகை கொடுப்பதைவிட, ஒரு சிறுவர் இதழின் ஆண்டுச் சந்தாவை விடாமல் கட்டிவருவது அதிகம் பயன்படும். இதழ் இடையில் நின்றால் அதற்காகவே வந்த குழந்தையும் நின்றுவிடும். வாசகர் வட்டமாகப் பணம் திரட்டினால் கணக்கில் இருவர் கையெழுத்து இருக்க வேண்டும், மாதக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கேள்வி எழுந்த பிறகு ஒட்டினால் யாரும் நம்புவதில்லை.

வட்டம் தொடங்க ஐந்து பேர் போதும். மாதம் ஒரு நாள், அதே கிழமை, அதே நேரம், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பேசியதை ஒரு நோட்டில் எழுதி, யார் எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டார் என்பதற்கு எதிரே அவர் பெயரைக் குறியுங்கள். நூலகத்துக்குள் நூலகர் சொல்வதே முடிவு. இதை முதல் கூட்டத்திலேயே பேசிவிட வேண்டும். பின்னால் பேசினால் மனத்தாங்கலாகிவிடும்.

இந்த வட்டத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பொது நூலகம் அரசுகளின் பொறுப்பு, அதற்குச் சட்டமும் நிதியும் அரசுகள் தர வேண்டும் என்று யுனெஸ்கோவும், உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லாவும் 1994-இல் வெளியிட்ட பொது நூலக அறிக்கை சொல்கிறது. 2022-இல் புதுப்பித்தபோதும் அதையே சொன்னார்கள். நாம் கை கொடுப்பதைக் காட்டி யாரும் அந்தப் பொறுப்பிலிருந்து நழுவக் கூடாது. ஒழுகும் கூரைக்கு நாம் வசூல் செய்யலாகாது. மனு எழுத வேண்டும். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை, கூடவே வருகைப் பதிவேட்டிலிருந்து நூலகர் அனுமதியோடு எடுத்த எண்ணிக்கை, உறுப்பினர்களின் கையெழுத்து. பத்துக் கோரிக்கைகளை அடுக்கினால் அவற்றில் மிக எளிதான ஒன்றைச் செய்துவிட்டு மனுவை முடித்துவிடுவார்கள்.

இனித் தன்னார்வப் பணி. ஆர்வத்தில் "தினமும் வருகிறேன்" என்று சொல்லாதீர்கள். வாரம் இரண்டு மணி நேரம் சொல்லி, அந்த இரண்டு மணி நேரமும் தவறாமல் வந்தால் நூலகர் உங்களை நம்பி வேலை ஒதுக்குவார். எங்கள் வட்டத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் அலமாரி சரிபார்க்கும் வேலையைக் கொடுக்கிறோம். இடம் மாறிய புத்தகம் தொலைந்த புத்தகம்தான். பதிவேட்டில் இருக்கும், தேடினால் கிடைக்காது. நூல்களைப் பொருள்வாரியாக அடுக்குவதற்கு முதுகுச் சீட்டில் எழுதும் டியூயி தசம எண்களில் எல்லோரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. 823.92-ஐ 823.914-க்கு முன்னால் வைத்துவிடுவார்கள், 92 சிறியது 914 பெரியது என்று எண்ணி. புள்ளிக்குப் பின் ஒவ்வோர் இலக்கமாகப் பார்க்க வேண்டும்: 9-க்கு 9 சமம், அடுத்து 1, 2. ஆகவே 823.914 முன்னால் வரும். புத்தகத்தை எடுக்கும்போது முதுகின் உச்சியில் விரல் மாட்டி இழுக்காதீர்கள், அங்கேதான் முதலில் கிழியும். இரு பக்கத்துப் புத்தகங்களையும் சற்று உள்ளே தள்ளிவிட்டு, நடுமுதுகைப் பிடித்து எடுங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது கிழிசல் ஒட்டும் வேலை. தயவுசெய்து பிளாஸ்டிக் டேப்பைத் தொடாதீர்கள். சில ஆண்டுகளில் அது பழுப்பேறி உரிந்துவிடும், அதன் பசை மட்டும் காகிதத்துக்குள் இறங்கி எழுத்தைக் கெடுக்கும். கிழிந்த பக்கத்தை விளக்கடியில் வைத்துக் கூர்ந்து பாருங்கள். காகிதம் பெரும்பாலும் சாய்வாகத்தான் கிழியும். ஓரத்தில் வெள்ளையாக ஒரு நார் விளிம்பு தெரியும். எந்த விளிம்பு மேலே, எது கீழே என்று பார்த்து அமர்த்தினால் பாதியாய் நின்ற எழுத்துகள் தாமே வந்து சேர்ந்துகொள்ளும். அந்த நார் விளிம்பில் மட்டும் மெல்லிய தூரிகையால் மாவுப் பசை தடவுங்கள். மேலே ஒட்டுவதற்கு மெல்லிய ஜப்பானியத் தாள் வேண்டும். அதைக் கத்தரியால் வெட்டாமல், ஈரத் தூரிகையால் கோடு இழுத்து, அந்தக் கோட்டோடு கையால் கிழியுங்கள். கிழித்த ஓரத்தின் நார்கள் பக்கத்தோடு கலந்துவிடும். வெட்டிய ஓரமோ விறைப்பாக நிற்கும், பக்கம் மடங்கும்போது அங்கேயே மறுபடி கிழியும். மேலும் கீழும் மெழுகுத்தாள் வைத்து, புத்தகத்தை மூடி, மேலே கனமான அகராதியை ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். அரிய பழைய நூல்களில் மட்டும் இதைச் செய்து பார்க்க வேண்டாம், அவற்றுக்குப் பயிற்சி பெற்றவர்கள்தான் வேண்டும்.

நேரமும் இல்லை, கொடுக்கப் புத்தகமும் இல்லை என்பவர்கள் உறுப்பினர் அட்டையைப் புதுப்பித்து, புத்தகம் எடுத்துப் படியுங்கள். நூலகர் மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் எத்தனை புத்தகம் வழங்கப்பட்டது என்ற எண்ணுக்குத்தான் முதல் இடம். அங்கேயே உட்கார்ந்து படிப்பவர்கள், படித்து முடித்ததை நீங்களாக அலமாரியில் செருகாமல் மேசையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பூட்டும் முன் எங்கள் நூலகர் மேசைகளைச் சுற்றி வந்து அவற்றை எண்ணி, அன்றைய கணக்கில் எழுதுகிறார்.