எட்டு போட்டால் போதுமா? பைக்கில் பிரேக் பிடிக்கவும் வளைவில் திரும்பவும் பழகுவது எப்படி

நம் ஊரில் டூவீலர் லைசென்ஸ் வாங்க எட்டு போட்டுக் காட்டினால் போதும். காலை ஊன்றாமல், நடக்கிற வேகத்தில் ஒரு எட்டு, முடிந்தது. ஐம்பதில் போகும்போது குறுக்கே நாய் ஓடி வந்தால் எப்படி நிறுத்துவது, நினைத்ததைவிட வளைவு இறுக்கமாக இருந்தால் என்ன செய்வது என்றெல்லாம் அங்கே யாரும் கேட்பதில்லை, எங்கேயும் சொல்லித் தருவதும் இல்லை. வண்டி கற்றுக்கொடுத்த மாமாவோ நண்பனோ சொன்ன ஒரே பிரேக் பாடம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுந்துடுவே."

அந்தப் பாடத்தை முதலில் மறக்க வேண்டும். பைக்கை நிறுத்துவதே முன் பிரேக்தான். பிரேக் பிடித்த உடனே வண்டியின் எடையும் உங்கள் எடையும் முன்பக்கம் சாய்கின்றன, முன் டயர் ரோட்டில் அழுந்துகிறது, பின் டயர் லேசாகிவிடுகிறது. லேசான டயருக்கு ரோட்டில் பிடிமானம் குறைவு, அதனால்தான் பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு கிரீச் என்று சத்தம் போட்டபடி வாலாட்டுகிறதே தவிர வண்டி நிற்பதில்லை. கணக்காகப் பார்த்தால், 60 கி.மீ. வேகத்தில் வரும் பைக்கை நல்ல காய்ந்த தார் ரோட்டில் இரண்டு பிரேக்கும் சரியாகப் பிடித்து நிறுத்த சுமார் 20 மீட்டர் போதும். பின் பிரேக் மட்டும் என்றால் கிட்டத்தட்ட 40 மீட்டர் ஆகும். இதில் நீங்கள் பார்த்து, உறைத்து, கை லீவருக்குப் போகும் நேரத்தைச் சேர்க்கவில்லை. அதற்கு ஒரு விநாடி என்று வைத்தால்கூட 60-ல் இன்னும் 16, 17 மீட்டர் ஓடிவிடும். அந்த ஒரு விநாடியில் கொஞ்சத்தை மிச்சம் பிடிக்கத்தான், ட்ராஃபிக்கில் போகும்போது ஒன்றிரண்டு விரலை எப்போதும் பிரேக் லீவர் மேலேயே வைத்திருக்கச் சொல்கிறேன்.

சரி, அப்படியானால் முன் பிரேக் பிடித்து விழுந்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள், நிறையவே. ஆனால் அவர்கள் விழுந்ததற்கு வேறு காரணம் இருக்கும். பதறிப்போய் நான்கு விரலாலும் லீவரைக் கொத்தாக இழுத்திருப்பார்கள், அல்லது ஹேண்டில் பார் திரும்பியிருக்கும்போது பிடித்திருப்பார்கள், இல்லையென்றால் டயருக்குக் கீழே மணலோ ஈரமோ இருந்திருக்கும். ஆக, முன் பிரேக்கைப் பயன்படுத்துவதற்கு முன்னால் அதைப் பிடிக்கிற விதத்தைக் கைக்குப் பழக்க வேண்டும்.

பழக ஒரு இடம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை சிட்கோ பக்கம் தொழிற்பேட்டை ரோடுகள் காலியாகத்தான் கிடக்கும். ஊருக்கு வெளியே பிளாட் போட்டு ரோடு மட்டும் போட்டுவைத்த லேஅவுட்டும் நல்ல இடம். போனதும் முதலில் நடந்து பார்த்து, மணல், ஜல்லி இருந்தால் காலால் ஒதுக்கிவிடுங்கள். ஹெல்மெட், ஷூ, முழுக்கை சட்டை, கிளவுஸ் இருந்தால் அதுவும். ஒரு செங்கல்லையோ தண்ணீர் பாட்டிலையோ ரோட்டோரம் அடையாளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நேராக வரும்போது பிரேக் பிடிக்கத் தொடங்க வேண்டும், அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

முதலில் 20 கி.மீ. வேகம், அவ்வளவுதான். பாட்டிலுக்கு நேராக வந்ததும் ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டுவிட்டு, இரண்டு விரலால் முன் லீவரை மெல்லத் தொடுங்கள், அதாவது லீவரில் இருக்கிற சும்மா ஆட்டம் தீர்ந்து பிரேக் பிடிக்கத் தொடங்குகிற இடம் வரைக்கும். வண்டியின் மூக்கு கொஞ்சம் இறங்கும், ஃபோர்க் (முன் சக்கரத்தின் இரு பக்கமும் இருக்கும் ஷாக் அப்சார்பர்) அமுங்குவது கையில் தெரியும். அது அமுங்கிய பிறகுதான் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், பாதி எலுமிச்சம்பழத்தைப் பிழிகிற மாதிரி, ஒரே சீராக. இவ்வளவும் சேர்ந்து அரை விநாடி, முக்கால் விநாடிக்குள் நடப்பதுதான், ஆனால் தொடுவது, பிறகு பிழிவது என்ற வரிசை மாறக்கூடாது. ஃபோர்க் இறங்கி எடை முன்னால் வருவதற்குள் லீவரை இழுத்தால் முன் டயர் பூட்டிக்கொள்ளும். வந்த பிறகு அதைவிட அதிகமாக அழுத்தினாலும் அதே டயர் தாங்கும், ஆச்சரியமாக இருக்கும். கூடவே பின் பிரேக்கையும் லேசாக மிதியுங்கள், கிளட்சைக் கடைசியில், வண்டி நிற்கப் போகும்போது மட்டும் பிடியுங்கள். பலருக்குக் கிளட்சும் பிரேக்கும் ஒன்றாகவே போகும், அந்தப் பழக்கத்தால் இன்ஜின் பிடித்து இழுக்கும் உதவி முழுக்க வீணாகிறது.

உடம்பும் ஒரு வேலை செய்ய வேண்டும். முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் பிரேக் பிடிக்கும்போது உங்கள் எடை கைகளில் போய் விழாது, கை மரக்கட்டையாக விறைக்காது. பார்வை பாட்டிலில் இல்லை, தூரத்தில். கீழே பார்த்தால் வண்டியும் கோணலாகத்தான் நிற்கும். 20-ல் பத்துப் பன்னிரண்டு முறை சீராக நின்றால் 30, அப்புறம் 40. ஒரே நாளில் 60-க்குப் போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

முன் சக்கரம் பூட்டிக்கொண்டால், சத்தமோ ஹேண்டில் பார் குழைவதோ தெரிந்த அந்தக் கணமே லீவரை விட்டுவிட்டு மறுபடி மெல்லப் பிடிக்க வேண்டும். பின் சக்கரம் பூட்டினால் கதை வேறு. வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தால் மிதியை மெதுவாக விடலாம். பின்பக்கம் ஏற்கனவே ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது என்றால் சட்டென்று விடாதீர்கள், டயர் திடீரென்று பிடிமானம் பெற்று உங்களை மறுபக்கம் தூக்கி எறிந்துவிடும். அப்படியே மிதித்தபடி, பார்வையை நேரே வைத்து நிற்க விடுவதுதான் நல்லது.

இப்போது வருகிற வண்டிகளில் இதற்கெல்லாம் உதவி இருக்கிறது. இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏபிஎஸ், அதாவது அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏற்பாடு, கட்டாயம் என்றும், 125 வரையிலான வண்டிகளுக்கு சிபிஎஸ்ஸோ ஏபிஎஸ்ஸோ இருக்க வேண்டும் என்றும் விதி வந்தது. சிபிஎஸ் என்பது பின் பிரேக்கைப் பிடித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடு. அந்தக் 'கொஞ்சம்' முழு பிரேக் ஆகாது, முன் லீவரையும் நீங்கள் தனியாகப் பிடித்தே ஆக வேண்டும். ஏபிஎஸ் இருக்கிறவர்கள் காலி ரோட்டில் 30, 40-ல் வேண்டுமென்றே அழுத்திப் பிடித்து லீவர் விரலில் கடகடவென்று துடிப்பதை ஒருமுறை உணர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். அது தெரியாதவர்கள் நிஜமான அவசரத்தில் துடிப்பு வந்ததும் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து பிரேக்கை விட்டுவிடுவார்கள். விடாமல் பிடித்தபடி இருப்பதுதான் வேலை. உங்களுடையது சிங்கிள் சேனலா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் ஏபிஎஸ், பின் சக்கரம் பழையபடி பூட்டும்.

இனி வளைவு. வளைவில் விழுகிறவர்கள் பெரும்பாலும் வளைவுக்குள் எதையும் தப்பாகச் செய்வதில்லை, அதற்கு ஐம்பது மீட்டர் முன்னாலேயே தேவைக்கு அதிகமான வேகத்தில் வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். டயருக்கு இருக்கிற பிடிமானம் ஒரு அளவுதான், அதைத் திரும்புவதற்கும் பிரேக்குக்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சாய்ந்து திரும்பும்போது பெரும்பங்கு அதற்கே போய்விடுகிறது, பிரேக்குக்கு மிச்சம் கொஞ்சம்தான். எனவே வேகம் குறைப்பது, கியர் இறக்குவது எல்லாம் வண்டி நிமிர்ந்து இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு ஆக்சிலரேட்டரை லேசாக, ஒரே மட்டத்தில் வைத்திருந்தால் போதும், வெளியே வழி தெரிந்ததும் கூட்டலாம்.

வேகம் கொஞ்சம் கூடினால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை 30 கி.மீ. வேகத்தில் எடுக்க வண்டி ஏறக்குறைய 20 டிகிரி சாய்ந்தால் போதும், யாராலும் முடியும். அதே வளைவை 40-ல் எடுக்க 32 டிகிரி சாய வேண்டும். பத்து கிலோமீட்டர்தான் கூடியது, ஆனால் நம்மில் பலர் அவ்வளவு சாய்க்கத் துணியவே மாட்டோம், பயத்தில் நிமிர்த்திவிடுவோம், வண்டி நேராக எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும்.

எவ்வளவு வேகம் சரி என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி உண்டு. வளைவைப் பார்க்கும்போது ரோட்டின் இடது ஓரமும் வலது ஓரமும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வது போலத் தெரியும். அந்தப் புள்ளியையே கவனியுங்கள். நீங்கள் போகப்போக அதுவும் விலகிப் போகிறது என்றால் வளைவு விரிகிறது, பயமில்லை. அது அங்கேயே நின்று உங்களை நோக்கி வருகிறது என்றால் வளைவு இறுகுகிறது, உடனே வேகத்தைக் குறையுங்கள். கொல்லிமலை ஏறும் ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. இந்த எண்ணிட்ட வளைவுகளுக்காவது மஞ்சள் போர்டு இருக்கும், நீங்களும் எதிர்பார்த்துப் போவீர்கள். போர்டே இல்லாமல் இரண்டு கொண்டை ஊசிக்கு நடுவில் வருகிற சாதாரண வளைவுகளுக்குத்தான் இந்தப் புள்ளி அதிகம் தேவைப்படும்.

திருப்புவது எப்படி என்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. எட்டு போடும் வேகத்தில் வலப்பக்கம் போக ஹேண்டிலை வலப்பக்கம் திருப்புகிறோம். 25, 30-க்கு மேல் அப்படி நடப்பதில்லை. வலப்பக்கம் போக வலது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும், வண்டி வலப்பக்கம் சாயும், சாய்ந்ததும் தானே திரும்பும். இடப்பக்கத்துக்கு இடது கைப்பிடி. நம்ப முடியாவிட்டால் காலி நேர் ரோட்டில் 40-ல் போய்க்கொண்டு உள்ளங்கையால் ஒரு பக்கம் மட்டும் மிக மெல்ல அழுத்திப் பாருங்கள். எல்லோரும் அறியாமலேயே இதைத்தான் செய்கிறோம், ஆனால் அறிந்து செய்பவருக்குத்தான் வளைவு நடுவில் 'போதவில்லை, இன்னும் திரும்ப வேண்டும்' என்ற நிலை வரும்போது கை வேலை செய்யும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, போக வேண்டிய இடத்தைப் பார்த்து அந்தப் பக்கக் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் தள்ளுவதுதான். பள்ளத்தையோ எதிரே வரும் லாரியையோ பார்த்தால் வண்டி அங்கேதான் போகும். பிரேக் பிடித்தே தீர வேண்டுமென்றால் மிக லேசாக, சீராக. அல்லது இடம் இருந்தால் முதலில் வண்டியை நிமிர்த்திவிட்டு நேர்க்கோட்டில் பிடிக்கலாம்.

ரோட்டில் எங்கே இருப்பது? வலது வளைவுக்கு உங்கள் பாதையின் இடப்பக்கமாகவே வந்தால் தூரம் வரை தெரியும், ஆனால் ஓரத்தில் மணல் ஒதுங்கியிருக்கும், அதில் ஏறாமல். நடுக்கோட்டை ஒட்டி வலது வளைவு எடுக்காதீர்கள். டயர் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் சாய்ந்திருக்கிற உங்கள் தலையும் தோளும் அந்தப் பக்கம் இருக்கும். இடது வளைவுக்கு உங்கள் பாதைக்குள்ளேயே கொஞ்சம் வலப்பக்கமாக வரலாம், ஆனால் மலைப்பாதையில் அரசு பஸ் கொண்டை ஊசி திரும்ப ரோடு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஹார்ன் சத்தம் கேட்டால் வளைவுக்கு வெளியிலேயே நின்றுவிடுங்கள். மலைப்பாதையில் இடம் போதாதபோது ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும் என்பது சட்டமும்கூட.

இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதோ, கிளட்சைப் பிடித்தபடி உருட்டுவதோ வேண்டாம். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது, செங்குத்தான இடத்தில் முதலாவது. வேகத்தை இன்ஜினே பிடித்து வைத்திருக்கும், பிரேக்கை அவ்வப்போது பிடித்து விட்டால் போதும். தொடர்ந்து உரசிக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகி, லீவர் வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே போகும், கருகல் நாற்றம் வரும், பிரேக் பிடிக்காது. ஸ்கூட்டரில் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் அதில் இன்ஜின் பிடித்து இழுப்பது குறைவு. நடுவில் நிறுத்தி ஆற விட்டு இறங்குவதைத் தவிர வழியில்லை. தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள்.

சமவெளிக்காரர்களுக்கும் சில. வேகத்தடைக்கு முன்னால் பிரேக் பிடித்து, ஏறுவதற்குச் சற்று முன் விட்டுவிடுங்கள். ஃபோர்க் அமுங்கிய நிலையிலேயே ஏறினால் அடி முழுதும் மணிக்கட்டுக்கு வரும். மழையின் முதல் பதினைந்து நிமிடம் ரோட்டு எண்ணெயெல்லாம் மேலே மிதக்கும். பெயின்ட் கோடு, பாதாளச் சாக்கடை மூடி, பஸ் ஸ்டாப்பில் சொட்டிய டீசல், டெல்டா பக்கம் அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயும் நெல், இவற்றின் மேல் பிரேக்கும் வேண்டாம், சாய்வும் வேண்டாம், நேராகக் கடந்துவிட்டுப் பிறகு மற்றது. பின்னால் ஆள் ஏற்றினால் நிற்கும் தூரம் கூடும், அவர் எடை உங்கள் முதுகில் வந்து சாயும், அதனால் பிரேக்கை இன்னும் முன்னதாகத் தொடங்குங்கள்.

வண்டியையும் பாருங்கள். டயர் காற்று செயின் கவர் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்ன அளவில், டயர் ஆறியிருக்கும்போது, வாரம் ஒருமுறையாவது. டிரம் பிரேக் என்றால் லீவர் ஆட்டம் கூடும்போதெல்லாம் மெக்கானிக்கிடம் டைட் வைக்கச் சொல்லுங்கள். டிஸ்க் என்றால் பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் கொதிநிலை இறங்கும். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது தரம், ஈரம் ஏறியதற்கோ அந்த வரம்பு 155 டிகிரிதான். மலை இறங்கும்போது கொதித்துக் குமிழி விட்டால் லீவர் கைப்பிடி வரை வந்துவிடும்.