79 எங்கே, 39 எங்கே: விகிதங்களுக்கான கருதுகோள் சோதனை, படிப்படியாக

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையோரம் ஹிடால்கோ என்றொரு கவுண்டி இருக்கிறது. 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே 79.1 சதவீதம் பேர் மெக்சிகோ வம்சாவளியினர். ஒருவர் மீது வழக்கு நடத்தப் போதுமான ஆதாரம் இருக்கிறதா என்று முடிவு செய்வது கிராண்ட் ஜூரி என்ற பொதுமக்கள் குழு. அந்தக் குழுவுக்காக 11 ஆண்டுகளில் அழைக்கப்பட்ட 870 பேரில் மெக்சிகோ வம்சாவளியினர் 339 பேர்தான், அதாவது 39 சதவீதம். பெயர்கள் குலுக்கலில் எடுக்கப்படவில்லை. நீதிபதி நியமித்த சில ஆணையர்கள் தங்களுக்குச் சரியெனப் பட்டவர்களைப் பட்டியலில் எழுதினார்கள்.

இது 1977-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன காஸ்டனேடா எதிர் பார்ட்டிடா வழக்கு. கிராண்ட் ஜூரித் தேர்வில் மெக்சிகோ வம்சாவளியினருக்குப் பாகுபாடு காட்டினார்கள் என்று முறையிட்டவர் பார்ட்டிடா. விகிதச் சோதனையைக் கற்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஏனென்றால் நீதிபதிகளே தீர்ப்பின் அடிக்குறிப்பில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். வர்க்கமூலப் பொத்தான் உள்ள கால்குலேட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், நாமும் போட்டுப் பார்ப்போம்.

படி 1: கேள்வியைக் கணக்குக்குள் கொண்டுவருவது

"பாகுபாடு காட்டினார்களா?" என்று கேட்டால் கணக்கால் பதில் சொல்ல முடியாது. இப்படிக் கேளுங்கள்: கண்ணை மூடிக்கொண்டு மக்களிலிருந்து 870 பெயர்களை எடுத்திருந்தால், 339 என்ற அளவுக்குக் குறைவாக வருவது எவ்வளவு அரிது? இதற்குப் பதில் உண்டு.

படி 2: இரண்டு கருதுகோள்கள்

இன்மைக் கருதுகோள்: தேர்வில் எந்தச் சாய்வும் இல்லை, ஒவ்வொரு பெயரும் மெக்சிகோ வம்சாவளியினராக இருக்கும் வாய்ப்பு 0.791. மாற்றுக் கருதுகோள்: அந்த வாய்ப்பு 0.791 அல்ல. சாய்வில்லாத தேர்வில் இப்படி ஒரு எண்ணிக்கை வரும் வாய்ப்பு எந்த அளவுக்குக் கீழே போனால் இன்மைக் கருதுகோளைக் கைவிடுவோம் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். வழக்கமாக எடுத்துக்கொள்வது 5 சதவீதம். விடையைப் பார்த்த பிறகு அளவை மாற்றுவது, பந்தயம் முடிந்த பிறகு கோட்டைத் தள்ளிப் போடுவது போல.

படி 3: எண்ணிக்கை போதுமா?

இதை அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். பட்டியலில் 8 பேர்தான், அதில் 5 பேர் மெக்சிகோ வம்சாவளியினர் என்று வையுங்கள். 79-க்குப் பதில் 63 சதவீதம், பார்க்கக் குறைவாகத்தான் தெரியும். ஆனால் நேர்மையான குலுக்கலிலும் 100-க்கு 22 தடவை 5 அல்லது அதற்கும் குறைவாக வரும். இதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நாம் செய்யப்போகும் சோதனைக்கு, எதிர்பார்க்கும் எண்ணிக்கை இரு பக்கமும் குறைந்தது 10 இருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். இங்கே மெக்சிகோ வம்சாவளியினர் 688, மற்றவர்கள் 182 (எப்படி என்பது அடுத்த படியில்). தாராளம்.

படி 4: எதிர்பார்ப்பும் ஏற்ற இறக்கமும்

எதிர்பார்க்கும் எண்ணிக்கை: 870 × 0.791 = 688.

குலுக்கல் நேர்மையாக இருந்தாலும் சரியாக 688 வந்துவிடாது, கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் அளவுதான் திட்ட விலக்கம். 870 × 0.791 × 0.209 = 143.8. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 12.

படி 5: எத்தனை திட்ட விலக்கம் தள்ளி?

688-இலிருந்து 339-ஐக் கழித்தால் 349. அதை 12-ஆல் வகுத்தால் 29. இதுதான் இசட் மதிப்பு. 5 சதவீத அளவுக்கு 1.96-ஐத் தாண்டினாலே இன்மைக் கருதுகோளைக் கைவிடலாம். இரண்டு மூன்று திட்ட விலக்கங்களுக்கு மேல் போனால் தற்செயல் என்ற எண்ணமே சந்தேகத்துக்குரியது என்று நீதிமன்றமும் எழுதியது. இங்கே 29! இப்படித் தற்செயலாக நடக்கும் வாய்ப்பு, 1-க்குப் பின் 140 பூஜ்யம் போட்ட எண்ணில் ஒன்றுக்கும் குறைவு என்றது தீர்ப்பு.

அந்த வாய்ப்புக்குப் பெயர் பி மதிப்பு. "ஆணையர்கள் நேர்மையானவர்களாக இருக்கும் வாய்ப்பு இவ்வளவுதான்" என்று அதைப் படிக்காதீர்கள். தேர்வு நேர்மை என்று வைத்துக்கொண்டால் இப்படி ஒரு எண்ணிக்கை வரும் வாய்ப்பு, அவ்வளவே. இரண்டும் ஒன்றல்ல.

படி 6: அந்த 79.1 சரிதானா?

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். சூத்திரம் யாரும் போடுவார்கள். எந்த விகிதத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் கொள்கை விவாதமே இருக்கிறது. 79.1 என்பது மொத்த மக்கள்தொகை. அதில் குழந்தைகள், குடியுரிமை இல்லாதவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எல்லோரும் அடக்கம். அவர்கள் ஜூரியில் உட்கார முடியாது. தலைமை நீதிபதி பர்கர் தன் மாறுபட்ட தீர்ப்பில் இதைத்தான் கேட்டார். நியாயமான கேள்வி.

சரி, மறுபடி போடுவோம். 25 வயதைத் தாண்டி, ஓரளவாவது பள்ளிக்குப் போனவர்களை மட்டும் எடுத்தால் மெக்சிகோ வம்சாவளியினர் 65 சதவீதம். 870 × 0.65 = 565.5. திட்ட விலக்கம் 14. வித்தியாசம் 226.5. இசட் 16. ஒப்பிடும் விகிதத்தை அவ்வளவு குறைத்தும் முடிவு அசையவில்லை. கொள்கைக் கேள்விகளில் எப்போதும் இப்படி எதிர்த்தரப்பின் எண்ணைப் போட்டும் பாருங்கள். அதிலும் நின்றால்தான் உங்கள் வாதம் வாதம்.

படி 7: எழுதும்போது

"தற்செயல் என்ற விளக்கம் நிற்கவில்லை" என்று எழுதலாம். "வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்று நிரூபணமாகிவிட்டது" என்று எழுதக் கூடாது. காரணத்தைச் சோதனை சொல்லாது. நீதிமன்றமும் எண்களைப் பார்த்த பிறகு, "இதற்கு விளக்கம் சொல்லுங்கள்" என்ற பொறுப்பை அரசுத் தரப்பின் மேல் வைத்தது. அரசுத் தரப்பால் போதிய விளக்கம் தர முடியவில்லை. 5 நீதிபதிகள் ஆதரவு, 4 பேர் எதிர்ப்பு என்ற கணக்கில் தீர்ப்பு பார்ட்டிடாவின் பக்கம் வந்தது.

அப்புறம், நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியலுக்குப் பொறுப்பான நீதிபதியின் இரண்டரை ஆண்டுக் காலத்தில் அழைக்கப்பட்டவர்கள் 220 பேர், அதில் மெக்சிகோ வம்சாவளியினர் 100 பேர். 79.1-ஐ வைத்துப் போட்டால் 174, 6, 12 என்று வர வேண்டும். பிறகு 65-ஐ வைத்துப் போடுங்கள். இசட் 6-ஐ ஒட்டி வந்தால் நீங்கள் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.