கண்புரை ஆபரேஷனுக்கு முன்: இன்சூரன்ஸ் எவ்வளவு தரும் என்று பார்ப்பது எப்படி?

போன வருஷம் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு முன்பே கஸ்டமர் கேருக்கு போன் போட்டு, "கேட்டராக்ட் கவர் ஆகுமா?" என்று கேட்டேன். "ஆகும் சார்" என்றார்கள். டிஸ்சார்ஜ் அன்று பில் 68,000 ரூபாய், அவர்கள் கொடுத்தது 40,000. பொய் சொல்லவில்லை, நான் கேட்ட கேள்விதான் தப்பு. இந்த மாதம் இடது கண். இந்த முறை கையிலிருந்து எவ்வளவு போகும் என்று ஒரு வாரம் முன்பே தெரிந்துவிட்டது. செய்த வரிசையை எழுதி வைக்கிறேன்.

1. எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள்

மொத்தத் தொகை மட்டும் கிறுக்கிய துண்டுச்சீட்டு உதவாது. ஆபரேஷனின் முழுப்பெயர், லென்ஸ் விலை, டாக்டர் ஃபீஸ், தியேட்டர் செலவு எல்லாம் தனித்தனியாக வேண்டும். லென்ஸ் மோனோஃபோக்கலா (ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவு), மல்டிஃபோக்கலா (கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து) என்பதும் அதில் இருக்கட்டும்.

2. சரியான பிடிஎஃப்பைத் திறங்கள்

பெயரும் பிரீமியமும் இருக்கும் ஷெட்யூல் போதாது. 'பாலிசி வேர்டிங்' என்ற நீளமான கோப்பு வேண்டும். கூடவே 'கஸ்டமர் இன்ஃபர்மேஷன் ஷீட்' என்று ஒரு சுருக்கம் தருவார்கள். கேட்டால் தமிழிலும் தர வேண்டும் என்பது விதி. செல்போனில் படிக்காதீர்கள், கண் வலிக்கும். கம்ப்யூட்டரில் திறந்து கண்ட்ரோல் எஃப் அழுத்தி, கேட்டராக்ட் என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். முதல் இடத்தோடு நிறுத்தாமல் கடைசி வரை போங்கள்.

காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்த பிறகு அந்தச் சிகிச்சைக்குப் பணம் தராத முதல் சில மாதங்கள், ஓரிடத்தில் இருக்கும். கண்புரைக்குப் பெரும்பாலும் 24 மாதம். பாலிசி எடுக்கும்போதே புரை இருந்திருந்தால், ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்பையும் பார்க்க வேண்டும். இரண்டில் எது நீளமோ அதுதான் கணக்கு. 2024 விதிப்படி எதுவும் 36 மாதத்தைத் தாண்டக்கூடாது.

3. சப்-லிமிட்: நான் விழுந்த குழி

எங்கள் பாலிசி 5 லட்சம். அதனால் 68,000 எல்லாம் தூசு என்று நினைத்துவிட்டேன். அதே பிடிஎஃப்பில் இன்னொரு பக்கத்தில் 'ஒரு கண்ணுக்கு 40,000 வரை' என்று ஒரே ஒரு வரி. பாலிசித் தொகை எவ்வளவு இருந்தாலும் ஒரு சிகிச்சைக்கு இதற்கு மேல் கிடையாது என்ற இந்த உள்வரம்புதான் சப்-லிமிட். மருத்துவமனை கவுன்சிலர் வேறு, "இன்சூரன்ஸ்தானே, நல்ல லென்ஸாவே போட்டுக்கலாமே" என்றதும் மல்டிஃபோக்கலுக்குத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலின் விலை 28,000.

எங்களுக்குக் கோ-பே (ஒவ்வொரு க்ளெய்மிலும் நாம் கட்ட வேண்டிய சதவீதம்) கிடையாது. சீனியர் சிட்டிசன் பாலிசிகள் பலவற்றில் உண்டு. 20 சதவீதம் என்றால், பொதுவாக அந்த 40,000-லிருந்தும் 8,000 போய் 32,000தான் வரும்.

4. மெயிலில் கேளுங்கள், போனில் வேண்டாம்

போனில் சொன்னதை நாளைக்கு யாரிடம் காட்டுவீர்கள்? எஸ்டிமேட்டை இணைத்து, பாலிசி எண் போட்டு நான் அனுப்பியது இவ்வளவுதான்:

"இந்த ஆபரேஷனுக்குக் காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா? சப்-லிமிட் எவ்வளவு? இந்த லென்ஸ் விலை அதற்குள் அடங்குமா? கோ-பே உண்டா? இணைத்துள்ள எஸ்டிமேட்டில் எந்தெந்த வரிக்குப் பணம் வராது?"

கடைசிக் கேள்விக்குத்தான் உருப்படியான பதில் வந்தது. அதைப் பார்த்துத்தான் இடது கண்ணுக்கு எந்த லென்ஸ் என்று அம்மாவும் நானும் உட்கார்ந்து பேசினோம்.

5. ப்ரீ-ஆத்

ஆபரேஷனுக்கு முன்பே இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அனுமதி கேட்கும் விண்ணப்பம் இது. மருத்துவமனை இன்சூரன்ஸ் டெஸ்க்கே அனுப்பும். ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024-ல் ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) விதி வந்தாலும், நான்கு நாள் முன்பே அனுப்பச் சொல்லுங்கள். அதில் வரும் தொகை முதல்கட்ட அனுமதிதான். டிஸ்சார்ஜ் சமயத்தில் மாறலாம்.

பின்சேர்க்கை: மூட்டு மாற்று ஆபரேஷனுக்கும் இதே வழியா என்று இருவர் கேட்டிருந்தார்கள். வழி அதேதான், ஆனால் அங்கே குழி ரூம் வாடகையில். கண்புரைக்கு அன்றே வீடு திரும்புவதால் எனக்கு அது தோன்றவில்லை. பாலிசியில் ஒரு நாளுக்கு 5,000 வரம்பு, நீங்கள் எடுப்பது 8,000 ரூம் என்றால் 3,000 மட்டும் போகாது. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டலாம்: 80,000 ஃபீஸுக்கு 50,000தான் வரும். மருந்து, பரிசோதனை, உள்ளே வைக்கும் செயற்கை மூட்டு, ஐசியு ஆகியவற்றில் இப்படி வெட்டக்கூடாது. ரூமுக்கு ரூம் கட்டணம் மாறாத மருத்துவமனையிலும் வெட்டக்கூடாது. அதையும் மெயிலில் ஒரு கேள்வியாகச் சேர்த்துவிடுங்கள்.