பெயரை மறைத்தவர்கள் எங்கே மாட்டுகிறார்கள்?

பிரவுசரின் ரகசிய முறையான இன்காக்னிட்டோவில் போனால் நம்மை யாருக்கும் தெரியாது என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். அது மறைப்பது அதே கணினியைப் பயன்படுத்தும் வீட்டு ஆட்களிடமிருந்துதான். ஹிஸ்டரியும் குக்கீயும் அழியும், சரி. போன தளத்தில் உங்கள் ஐபி முகவரி, அதாவது உங்கள் இணைய இணைப்பின் அடையாள எண், பதிவாகியிருக்கும். எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது இணைப்பு தரும் நிறுவனத்துக்கும் தெரியும்.

அடுத்த நம்பிக்கை விபிஎன், அதாவது நம் இணைப்பை இன்னொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை. இதுவரை உங்கள் இணைய நிறுவனம் பார்த்ததை இனி விபிஎன் நிறுவனம் பார்க்கும், அவ்வளவுதான். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்கும்படி விபிஎன் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்டுவிபிஎன் போன்றவை இங்கிருந்த சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன. இலவசமாகத் தருபவர் எதை விற்றுப் பிழைக்கிறார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். விபிஎன்னைப் போட்டுவிட்டு சொந்த ஜிமெயிலில் லாகின் செய்கிறவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கருவி நன்றாக வேலை செய்தும் மாட்டியவர்களின் கதைகள்தான் பார்க்க வேண்டியவை. 2013 டிசம்பரில் ஹார்வர்ட் மாணவர் ஒருவர், தேர்வைத் தள்ளிப்போடுவதற்காக வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பினார். பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பி, அனுப்பியவரை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாக, தற்காலிக மின்னஞ்சல் முகவரியிலிருந்து. டோரை யாரும் உடைக்கவில்லை. மின்னஞ்சல் டோர் வழியாக வந்தது தெரிந்ததும், அந்த நேரத்தை ஒட்டிப் பல்கலைக்கழக வைஃபையில் டோரைப் பயன்படுத்தியவர்கள் யார் என்று பார்த்தார்கள். அந்த வைஃபைக்கு அவர் தன் சொந்தக் கணக்கில்தான் நுழைந்திருந்தார். விசாரிக்கப் போனதும் ஒப்புக்கொண்டார். எல்லாரும் சாதாரண உடையில் இருக்கும் இடத்தில் முகமூடி போட்டு நின்றது போல ஆகிவிட்டது.

பழைய பெயரை மறுபடி பயன்படுத்துவது இன்னொரு தவறு. டோருக்குள் இயங்கிய போதைப்பொருள் சந்தை சில்க் ரோட்டை நடத்திய ராஸ் உல்பிரிக்ட், 2011 தொடக்கத்தில் ‘ஆல்டாய்ட்’ என்ற பெயரில் வெளி இணையத்தில் அந்தச் சந்தையைப் பற்றிச் சொல்லிவைத்தார். அதே ஆண்டு அக்டோபரில், அதே பெயரில் கணினி ஆள் தேவை என்று ஒரு விளம்பரம் போட்டார். தொடர்புக்குக் கொடுத்தது தன் முழுப்பெயர் உள்ள ஜிமெயில் முகவரி! கோடிக்கணக்கான டாலர் புரண்ட ரகசிய வியாபாரத்துக்கு, அமெரிக்க வரித்துறை அதிகாரி ஒருவர் கூகுளில் தேடியே நுனியைப் பிடித்தார். 2013 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நூலகம் ஒன்றில் உல்பிரிக்ட் கைதானார்.

நம் ஊரில் இவ்வளவு உழைப்புகூடத் தேவையில்லை. ஃபோன் நம்பர் போதும். புனைபெயரில் வாட்ஸ்அப் குழுவில் சேருகிறீர்கள். நம்பர் எல்லாருக்கும் தெரிகிறது. யாராவது அதை யுபிஐ ஆப்பில் போட்டுப் பார்த்தால், பணம் அனுப்பும் முன்பே வங்கியில் உள்ள பெயர் வந்து நிற்கும். ரகசியக் கணக்குக்கு அன்றாட நம்பரைக் கொடுப்பதைவிடப் பெரிய அலட்சியம் வேறில்லை என்பேன்.

புகைப்படத்தை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். 2012இல் தலைமறைவாக இருந்த, வைரஸ் தடுப்பு மென்பொருளால் பேர்பெற்ற ஜான் மெக்காஃபியின் படத்தை ஒரு பத்திரிகை வெளியிட்டது. படக் கோப்பிலேயே எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் எண்கள் இருந்ததால், அவர் குவாத்தமாலாவில் இருப்பது வெளியானது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் இந்த விவரம் நீங்கிவிடும். அதையே டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

எதுவும் கசியாவிட்டாலும் பேச்சே காட்டிக்கொடுக்கும். 2006இல் அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல் ஆறரை லட்சம் பேரின் தேடல்களை, பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. ஊர்ப்பெயர், குடும்பப்பெயர், உடல் உபாதை என்று ஒருவர் தேடியவற்றைக் கோத்தே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள்.

அதனால் யாரிடமிருந்து மறைய வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். போலீஸிடமிருந்து என்றால் இந்தக் கட்டுரை போதாது. சொந்தக்காரர்கள், ஆபீஸ் ஆட்கள் என்றால் தனி மின்னஞ்சல், எங்கும் பயன்படுத்தாத பெயர், ஊரையும் வேலையையும் சொல்லாத வாய் இவையே பெரும்பாலும் போதும். அப்புறம், ஆப் கேட்கும் காண்டாக்ட்ஸ் அனுமதியை மறுத்துவிடுங்கள். கொடுத்தால், ‘இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்’ என்று உங்கள் ரகசியக் கணக்கை அந்த ஆப்பே மேனேஜருக்குக் காட்டக்கூடும்.