சூப்பர்ஹீரோ படங்களின் சிம்பொனி இசை: பதிவிலும் மறுவெளியீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூப்பர்ஹீரோ படத்தின் பின்னணி இசையைத் தூசி தட்டி வெளியிடக் கிளம்புகிறவர்கள் எடுத்த எடுப்பில் இரைச்சலை நீக்குவதையும் ஒலியைக் கூட்டுவதையும் பற்றிப் பேசுகிறார்கள். கையில் இருப்பது எந்தப் பதிவு என்று கேட்பவர் குறைவு. பெரும்பாலான தவறுகள் அங்கேதான் பிறக்கின்றன.

'சூப்பர்மேன்' படத்தையே எடுத்துக்கொள்வோம். 1978-இல் ஜான் வில்லியம்ஸின் இசையை லண்டன் சிம்பொனி வாத்தியக்குழு இங்கிலாந்தின் டென்ஹாமில் இருந்த ஆன்வில் ஸ்டூடியோவில் வாசித்தது. அது இரண்டு எல்.பி. தட்டுகளாக வந்தது. அமெரிக்காவில் வந்த முதல் சிடியில், ஒரே தட்டுக்குள் அடக்குவதற்காக இரண்டு பகுதிகளை விட்டுவிட்டார்கள். 1998-இல் ராயல் ஸ்காட்டிஷ் நேஷனல் வாத்தியக்குழு, ஜான் டெப்னி நடத்த, அந்த இசையைப் புதிதாக வாசித்துப் பதிவுசெய்தது. 2000-இல் ரைனோ நிறுவனம் மூலப் பதிவை இரண்டு சிடியாக விரித்தது. 2019-இல் லா-லா லேண்ட் நிறுவனம் மூன்று சிடியாக வெளியிட்டது. இணையத்தில் எல்லாம் ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே மாதிரி அட்டையில் கிடைக்கின்றன. மறுவாசிப்பை மூலம் என்று நம்பி ஒப்பிட்டால், மூலத்தில் இல்லாத குறையைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டிருப்போம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பழைய எல்.பி. ஏதாவது கையில் பட்டால், சிடி வந்துவிட்டதே என்று திருப்பி வைத்துவிடாதீர்கள். தட்டில் இருப்பது சிடியில் இல்லாமல் போகலாம்.

இன்னொன்று: தட்டில் கேட்பதும் படத்தில் கேட்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கேட்பதற்கு இதமாக இருக்கட்டும் என்று இசையமைப்பாளர்களே இரண்டு மூன்று காட்சிகளின் இசையை ஒட்டி, வேறொரு முறை வாசித்ததைத் தேர்ந்து தட்டாக்குவது வழக்கம். படத்தின் வரிசைதான் 'சரி' என்று முடிவுகட்டித் தட்டின் வடிவத்தைத் தூக்கி எறிவது அவர்களின் முடிவையும் சேர்த்து எறிவதாகும். நல்ல மறுவெளியீடு இரண்டையும் தரும்.

நம் ஊர்க்காரர்கள் விழுகிற குழி வேறு. டிவியிலும் விசிடியிலும் பார்த்த படம்தான் நம் காதில் படிந்திருக்கிறது. இந்தியா பின்பற்றிய 'பால்' (PAL) என்னும் டிவி ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 25 படச்சட்டங்கள். திரைப்படம் ஓடுவதோ நொடிக்கு 24. வித்தியாசத்தைச் சமாளிக்கப் படத்தைச் சற்று வேகமாக ஓட்டிவிடுவார்கள். விளைவாக வேகம் நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுகிறது. சுருதி அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறுகிறது. ஐந்து நிமிட இசை 4 நிமிடம் 48 நொடியில் முடிந்துவிடும். அதைக் கேட்டு வளர்ந்தவர், சரியான வேகத்தில் வந்த மறுவெளியீட்டைக் கேட்டதும் "இழுக்கிறது, உயிரே இல்லை" என்கிறார். அதைவிடக் கொடுமை, விசிடியைக் கேட்டு ஸ்வரம் எழுதிக்கொண்டு வயலின்காரர்களைக் கூப்பிடுவது. எழுதியது எந்தக் கட்டையிலும் சரியாக உட்காராது. யாராவது ஒருவர் பக்கத்துக் கட்டைக்கு மாற்றச் சொல்வார். மொத்தமும் இடம் மாறிப்போகும். முறையான சிடி ஒன்றை வைத்து ஒவ்வொரு பகுதியின் நீளத்தையும் அளந்து பார்த்தால் அரை மணி நேரத்தில் இது பிடிபட்டுவிடும்.

டேப் விஷயத்தில் அவசரம் ஆபத்து. 1970-களின் நடுவிலிருந்து தயாரான பல டேப்களில், காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடுகிறது. அப்படியே ஓட்டினால் கிறீச்சிடும். துகள் உரிந்து இயந்திரத்தில் அப்பும். ஏறக்குறைய 54 டிகிரி செல்சியஸ் மிதவெப்பத்தில் பல மணி நேரம் வைத்து எடுத்தால் சில வாரங்களுக்கு ஓட்டலாம். அதற்காக வடகம் காயப்போடுவதைப் போல செட்டிநாட்டு வீட்டின் நடுவிலுள்ள வளவு முற்றத்து வெயிலில் பரப்பக் கூடாது. சமையல் அடுப்பும் வேண்டாம். அதற்கும் பழைய அசிட்டேட் டேப் என்றால் சூடு காட்டவே கூடாது. சுருளைப் பக்கவாட்டில் விளக்குக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவும், அதுதான் அடையாளம். டேப்பின் தொடக்கத்தில் வரும் நீண்ட 'பீப்' ஒலியை வீண் என்று வெட்டுகிறவர்களும் உண்டு. இயந்திரத்தில் டேப்பைப் படிக்கும் தலையை நேர்செய்ய அதுதான் அளவுகோல். டால்பி என்னும் இரைச்சல் குறைக்கும் முறையில் பதிந்த டேப்பை டால்பி இல்லாமல் ஓட்டிவிட்டு "அந்தக் காலத்துப் பதிவு, இரைச்சல்தான்" என்று சொல்வதும் நடக்கிறது.

புதிதாகப் பதிவு செய்கிறவர்களுக்கு வருவோம். செட்டிநாட்டின் கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பெரிய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, கம்பி வாத்தியங்களை வளவில் உட்காரவைத்தால் லண்டன் அரங்கின் ஒலி வந்துவிடும் என்று ஓர் எண்ணம் உலவுகிறது. வராது. ஆத்தங்குடி ஓடு பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுண்ணாம்புச் சுவர், வழவழப்பான தூண் எல்லாம் ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே கைதட்டிப் பாருங்கள், படபடவென்று எதிரொலி கேட்கும். நாகஸ்வரத்துக்குப் பொருந்துகிற இடம் வயலினுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. திறந்த முற்றத்தின் வழியே குருவியும் மோட்டார் சைக்கிளும் இலவசமாக வாசித்துவிட்டுப் போகும். ஜமக்காளத்தை விரித்து, சுவரோரம் மெத்தைகளைச் சாய்த்து, முற்றத்தை விட்டு மூடிய உள் கூடத்துக்குள் போனால் ஓரளவு தேறும். தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஏவிஎம் படமெடுத்த மண் இது. வசதியில்லாத இடத்தை வசப்படுத்துவது இங்கே புதிதல்ல.

மைக்கை ஒவ்வொரு வாத்தியத்தின் மூக்கிலும் சொருகுவதும் தவறு. லண்டன் பதிவாளர்கள் வாத்தியக்குழுவை நடத்துபவரின் தலைக்கு மேலே, ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்தில், மூன்று மைக்குகளை முக்கோணமாகக் கட்டி மொத்த அறையையும் பிடிப்பார்கள். அருகே வைக்கிற மைக் அதற்குத் துணைதான். பிறகு, இரைச்சல் நீக்கும் மென்பொருளை இழுத்துவிட்டால் முதலில் சாவது அந்த அறையின் மூச்சு. மெல்லிய ஒலியையும் உரத்த ஒலிக்குச் சமமாக உயர்த்தினால் மெல்லத் தொடங்கி எக்காளத்தில் வெடிக்க வேண்டிய இசை, முதல் நொடியிலிருந்தே கத்தும்.

உரிமை பற்றிப் பலருக்குத் தெளிவில்லை. பழையது என்பதால் பொதுச்சொத்து ஆகிவிடாது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1978-இல் வந்தது 2038 முடியும் வரை ஒருவருக்குச் சொந்தம். பாடலை மறுபடி வாசித்து வெளியிடுவதற்கான சட்டப் பிரிவும் ஐந்தாண்டுக் காத்திருப்பையும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியையும் கேட்கிறது. எழுதிய இசைக்கு ஒருவர், பதிவுக்கு இன்னொருவர் என்று உரிமையாளர்கள் பிரிந்து கிடப்பார்கள். அமெரிக்காவில் வாசித்தவர்களுக்கும் மறுபயன்பாட்டுக் கட்டணம் உண்டு. 1990-களின் பல படத் தட்டுகள் அரை மணி நேரத்தில் முடிந்ததற்கு அந்தச் செலவே காரணம்.

பெயர்களை விழுங்குவதையும் சொல்ல வேண்டும். 1989-இன் 'பேட்மேன்' என்றால் இசையமைத்த டேனி எல்ஃப்மேன் பெயர் வரும். எதை எந்த வாத்தியம் வாசிப்பது என்று வாத்திய அமைப்பைச் செய்த ஸ்டீவ் பார்ட்டெக்கையும், குழுவை நடத்திய ஷெர்லி வாக்கரையும் எத்தனை பேர் அறிவார்கள்? நீங்கள் நடத்துகிற பதிவில் மூன்றாம் வரிசை வயலின்காரரின் பெயரைக்கூடச் சரியான எழுத்தில் அன்றைக்கே எழுதி வாங்குங்கள். மறுவெளியீடு நடந்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் அதே தாளில், மதியச் சாப்பாட்டுக்கு இலை போடுவதற்கு முன்பாகவே.